இரண்டு மனுக்களும் கரை சேர்ந்தன

கடைசிக் கொண்டை ஊசி வளைவில் முதல் பஸ் திரும்பியபோது அதில் ஒருவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருக்கவில்லை. ஜன்னலுக்கு ஒரு தலை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த இரண்டு பஸ்களும் அதே கோலம்தான். திறந்த படகில் கடலைக் கடந்து வந்த ஜனங்கள் அவர்கள். அலைக்கு அசையாத வயிறுகள் ஏற்காடு ஏறும் குப்பனூர் ரோட்டிடம் தோற்றுப்போயிருந்தன.

மதியம் மூன்று மணி இருக்கும். தூறல். சில்வர் ஓக் மரங்களின் இடுப்புவரை மூடுபனி இறங்கியிருந்தது. ரோட்டோரம் நான் நின்றிருந்தேன். ஒரு கையில் படிவக் கட்டு, மறு கையில் ஸ்டாம்ப் பேடு, தலையில் மங்கி குல்லா. எங்கள் ஆபீஸ் கோப்பில் ‘வரவேற்புக் குழு’ என்று எழுதப்பட்டிருந்தது என்னைத்தான்.

முதலில் இறங்கியவள் ஒரு பெண். இடுப்பில் கைக்குழந்தை, கையைப் பிடித்தபடி ஐந்து வயதுப் பையன். பஸ்ஸின் கம்பியைப் பற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். கண்ணைத் திறந்ததும் என்னிடம் கேட்டாள்.

“தம்பி, இஞ்ச இருந்து கடல் எந்தப் பக்கம்?”

பிறந்து வளர்ந்த ஊரில் நின்றுகொண்டு நான் திசை தெரியாமல் முழித்தேன். ஆனால் அரசாங்கத்தின் சார்பில் நிற்பவன் தெரியாது என்று சொல்லக்கூடாதல்லவா? ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டினேன். அவள் அந்தப் பக்கமே திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிற்பாடு மேப்பை விரித்துப் பார்த்தேன். நான் காட்டிய திசையில் போனால் பெங்களூர்தான் வரும்.

வெள்ளக் கணக்கில்

டிகிரி முடித்தபின் மூன்று வருடம், நூலகத்துப் புத்தகங்களையும் அத்தா கடை வேர்க்கடலையையும் ஒரே வேகத்தில் தீர்த்துக்கொண்டிருந்தேன் என்று இந்தத் தொடரில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறேன். அத்தாவுக்கு ஏரிப் பக்கம் கம்பளி, ஸ்வெட்டர், குல்லா விற்கிற கடை. மகன் கல்லாவில் உட்கார்ந்தால் வாடிக்கையாளரிடம் இலக்கியம் பேசுவான் என்பதால், வேறு எங்கேயாவது போய் உட்காரட்டும் என்று அவர் காத்திருந்தார்.

அப்போது வந்ததுதான் இந்தத் தற்காலிக எழுத்தர் வேலை. மலைமேல் ஓர் அரசு அலுவலகம். எது என்று சொல்லமாட்டேன். அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் பென்ஷனோடும் நல்ல ஞாபகசக்தியோடும் இருக்கிறார்கள்.

அக்கரையில் சண்டை முற்றி, ராமேஸ்வரம் பக்கத்துக் கரைகளில் தினமும் படகு படகாக ஜனங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த வருடம் அது. கரையில் இடம் நிரம்பிவிட்டது. இனி வருகிறவர்களை ஜில்லா ஜில்லாவாகப் பிரித்து அனுப்புவது என்று முடிவாகி, எல்லா ஊருக்கும் ஒரே கேள்வி போனது: உங்களிடம் கூரையோடு காலிக் கட்டடம் இருக்கிறதா?

எங்களிடம் இருந்தது. வாழவந்தி போகிற வழியில், மூடிக்கிடந்த ஓர் எஸ்டேட்டின் காபி குடோன். எழுதி அனுப்பினோம். கேட்டது கூரையை. உயரத்தை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மன்னார்க் கடலோரத்து மீன்காரக் குடும்பங்கள் சில டஜன், மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வரும் உயரத்துக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

கிண்டல் செய்வதாக நினைக்க வேண்டாம். நாலே நாளில் அந்த குடோனுக்கு மின்சாரம் வந்தது, குழாய் வந்தது, அரிசி வந்தது, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. இத்தனையையும் நடத்தியவர் எங்கள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மாரப்பன் சார். குள்ளமான மனிதர், அரைக்கை வெள்ளைச் சட்டை, குளிரிலும் ஸ்வெட்டர் போடமாட்டார். ஆபீஸ் விதிப் புத்தகத்தில் தீ உண்டு, பஞ்சம் உண்டு, வெட்டுக்கிளிகூட உண்டு. கடல் வழியாக வந்து மலைமேல் தங்குகிறவர்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை. எந்தத் தலைப்பில் கோப்பைத் திறப்பது என்று கேட்டேன்.

“தண்ணி வழியாத்தானுங்க வந்திருக்காங்க,” என்றார் அவர். “வெள்ளம்னே எழுதுங்க.”

வெள்ள நிவாரணத்தில் ஆளுக்கு ஒரு பருத்திப் போர்வை. சமவெளிக்கு எழுதப்பட்ட விதி. முதல் நாள் சாயங்காலம் குடோனுக்குள் போய் நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, மாரப்பன் சார் நேராக அத்தாவின் கடைக்கு நடந்தார். இருட்டுவதற்குள் கடையின் கம்பளி அலமாரி காலி. கோப்பில் அவை பருத்தியாகவே இன்றைக்கும் இருக்கின்றன.

சாய்கோடு

மறுநாள் குடோனில் மேஜை போட்டுப் படிவம் எழுதினேன். பழைய காபிக்கொட்டை வாசனை அந்தச் சுவர்களைவிட்டுப் போகவேயில்லை. என் முன்னால் அந்தப் பெண். பெயர் ஜெசிந்தா.

அதுவும் வெள்ளப் படிவம்தான். ‘உடன் வந்தவர்கள்’ என்று ஒரு கட்டம். மகன், கைக்குழந்தை என்று எழுதினேன். கணவர் அந்தோனியும் ஒன்பது வயது மூத்த மகள் ரொசலினும் வேறு படகில் வந்திருக்கிறார்கள் என்றாள். ஏன் வேறு படகு என்று கேட்டேன். இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல் பார்த்தாள்.

“ஒரு குடும்பம் முழுக்க ஒரு படகில ஏற மாட்டம் தம்பி. ஒண்டு கவிண்டாலும் மற்றது கரைக்குப் போகும்.”

பிள்ளைகளை அப்படித்தான் பங்கு போட்டிருக்கிறார்கள். பால் குடிக்கிறதும் சின்னதும் அவளோடு. பெரியவள் அப்பாவோடு. அவர்கள் ஊரில் எல்லாரும் செய்வது இதுதான். ஒரு படகும் கவிழவில்லை. அவளுடையது முதலில் வந்தது, அவனுடையது இரண்டு நாள் கழித்து வந்தது. ஆனால் கரையில் முன்னால் வந்தவர்களை ஒரு ஜில்லாவுக்கும் பின்னால் வந்தவர்களை இன்னொரு ஜில்லாவுக்கும் பஸ் ஏற்றிவிட்டார்கள். கடல் பிரிக்காததை பஸ் பிரித்துவிட்டது.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, இந்தக் கட்டம் உடன் வந்தவர்களுக்கு மட்டும் என்று அவளுக்கு விளக்கினேன். அவர்கள் உடன் வரவில்லை அல்லவா?

கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு பெரிய கட்டம் காலியாக இருந்தது. அரசு அலுவலகத்தில் காலிக் கட்டத்தை விட்டுவைக்கக்கூடாது. பின்னால் யாராவது எதையாவது நுழைத்துவிடுவார்கள். குறுக்கே ஒரு சாய்கோடு இழுத்து, அதன் மேல் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்ததும் நான் கற்ற முதல் கலை அது. என் சாய்கோடு நேர்த்தியாக இருக்கும். எல்லாப் படிவத்திலும் ஒரே சாய்வு, ஒரே ‘இல்லை’. மாரப்பன் சார் பார்த்துவிட்டு, அச்சடிச்ச மாதிரி இருக்குதுங்க என்று பாராட்டிக் கீழே கையெழுத்துப் போட்டார்.

அந்தோனியும் ரொசலினும் அந்தக் கோட்டுக்கு அடியில் போனார்கள்.

கடல் தெரியும் இடம்

காலையும் மாலையும் முகாமில் ஆள் எண்ணுவோம். பெயர் கூப்பிட, அவர்கள் கை தூக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எண்ணி முடித்ததும் ஜெசிந்தா மட்டும் போகாமல் நிற்பாள். இன்னொரு பஸ் வருமா என்று கேட்பாள். வராது என்று சொல்வேன். சரி என்று போவாள். சாயங்காலம் திரும்பவும் கேட்பாள், காலையில் கேட்டதே நினைவில்லாதவள்போல.

பக்கத்து எஸ்டேட் லைன்வீட்டில் பாவாயி என்று காபி பறிக்கிறவள் ஒருத்தி இருந்தாள். அவள் தாத்தா காலத்தில் கீழ்நாட்டிலிருந்து நடந்தே மலையேறி வந்த குடும்பம். பாவாயியோ குப்பனூருக்குக் கீழே இறங்கியதே இல்லை. தினமும் ஒரு குடம் சுடுதண்ணீர் காய்ச்சி, குழந்தையைக் குளிப்பாட்ட என்று கொண்டுவந்து வைப்பாள். ஜெசிந்தாவின் பேச்சில் பாதி அவளுக்குப் புரியாது, பாவாயி பேச்சு ஜெசிந்தாவுக்கும் அப்படியே. இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் பாவாயி என்னிடம் வந்து நின்றாள்.

“ஏனுங்க, சேர்வராயன் கோயிலு உச்சியில நின்னா கடலு தெரியுமுங்க. எங்கய்யன் பாத்திருக்காருங்க. இவீங்களக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வரட்டுங்களா? நொம்ப ஏங்கறாங்க.”

அங்கிருந்து கடல் தெரியாது என்று எனக்குத் தெரியும். மேப் பார்த்தவன் நான். ஆனாலும் மாரப்பன் சாரிடம் அரைநாள் அனுமதி வாங்கிக் கொடுத்து, பொறுப்புள்ள அலுவலர் என்ற முறையில் நானும் கூடப் போனேன்.

அன்று வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. உச்சியில் காற்று காதைப் பிய்த்தது. தெற்கே சமவெளி விரிந்து விரிந்து போய், கடைசியில் வானத்தோடு கலக்கிற இடத்தில் நீலமாக ஒரு பட்டை. பாவாயி அதைப் பெருமையாகக் காட்டினாள். கடலையே தான்தான் கொண்டுவந்து வைத்தவள்போல.

ஜெசிந்தா ஒரு கணம் பார்த்தாள். கடல் இல்லை என்று உடனே சொல்லிவிட்டாள். கடல் என்றால் அசையும், இது கிடக்கிறது என்றாள். பாவாயியின் முகம் விழுந்துபோயிற்று. அதைக் கவனித்த ஜெசிந்தா, அந்தோனியும் மகளும் வந்து இறங்கிய கரை அந்தப் பக்கம்தானே என்று என்னைக் கேட்டாள். இந்த முறை எனக்குத் திசை தெரிந்திருந்தது. ஆமாம் என்றேன். அப்படியானால் போதும் என்று பாவாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த நீலப் பட்டையையே பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு இன்றும் அந்த உச்சிக்குப் போனால் கோயிலுக்குள் நுழைவதற்கு முன் தெற்கே ஒருமுறை பார்க்கத் தோன்றுகிறது. எதைத் தேடுகிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

என் முதல் இலக்கியப் படைப்பு

அந்தோனியிடமிருந்து கடிதம் வந்தது. தெற்கே ஒரு முகாம், கடலுக்குப் பக்கத்தில். ரொசலின் நன்றாக இருக்கிறாள், ஆனால் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தான்.

ஜெசிந்தா என்னிடம் வந்தாள். தன்னையும் இரண்டு பிள்ளைகளையும் அந்த முகாமுக்கு மாற்றச் சொல்லி ஒரு மனு எழுதித்தர வேண்டும்.

வாசகர்களே, மூன்று வருடம் நூலகத்தில் தின்றதெல்லாம் தொண்டை வரை நின்றுகொண்டிருந்த இளைஞனிடம் வந்து இப்படி ஒரு வேலையைக் கொடுக்கலாமா? இரண்டு நாள் எழுதினேன். மூன்று பக்கம். ‘உப்புக் காற்றில் உலர்ந்துபோன கண்ணீரின் ஈரம் இன்னும் காயாத நிலையில்’ என்று ஆரம்பம். உலர்ந்தது எப்படிக் காயாமல் இருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அலை வந்தது, நிலா வந்தது, தாய்மை வந்தது. இரண்டாம் பக்கத்தில் ஓர் அன்றில் பறவையும் வந்துபோனது.

அவளுக்கு வாசித்துக் காட்டினேன். குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே முழுதும் கேட்டாள்.

“வடிவா எழுதியிருக்கிறீங்கள் தம்பி. ஆனா நான் கேட்டது இதில எங்க இருக்குது?”

அதெல்லாம் உள்ளே இருக்கிறது, படிக்கிறவர்களுக்குப் புரியும் என்று சொல்லி, கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுகிறேன் என்றவளிடம் வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தேன்.

மழைக்காலம் பாதி போயிற்று. ஒரு மாதத்துக்கு மேல் கழித்து மனு திரும்பி வந்தது. மேலே ஒரு துண்டுச் சீட்டு: ‘மனுதாரர் கோருவது யாதெனத் தெளிவுபடுத்தவும்.’ பிற்பாடு நான் எழுதியவற்றைப் பற்றி எத்தனையோ விமரிசனங்கள் வந்திருக்கின்றன. அவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் ஒன்றும் வந்ததில்லை.

இரண்டாவது மனுவை ஒரே வரியில் எழுதினேன்: எங்கள் மூவரையும் இன்ன முகாமுக்கு மாற்றவும். எழுதும்போது ஜெசிந்தா ஒரு விஷயம் சொன்னாள். அந்தோனியும் அங்கிருந்து மனு கொடுத்திருக்கிறானாம், தன்னையும் மகளையும் ஏற்காட்டுக்கு மாற்றும்படி. இரண்டு பக்கமும் போட்டு வைப்போம், ஒன்று கவிழ்ந்தாலும் ஒன்று கரை சேரும் என்று கடிதத்தில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள்.

படகுக்குச் சொன்ன அதே நியாயம். எனக்கு அது அழகாகவே பட்டது. மனுவில் குறிப்பிடவில்லை. தெளிவு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்களே, இதையும் சேர்த்தால் மறுபடி குழம்பும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் வித்தியாசம்

உத்தரவு வந்தது. ஜெசிந்தாவும் இரண்டு பிள்ளைகளும் தெற்கு முகாமுக்கு. மறுநாளே கிளம்ப வேண்டும், துணைக்கு ஒரு போலீஸ்காரர்.

அவள் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. கம்பளியை உதறி மடித்து, அது அரசாங்கத்துப் பொருள் என்று என்னிடம் ஒப்படைத்தாள். பாவாயி ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்து, வளைவில் இறங்கும்போது மோந்துகொண்டே போகச் சொன்னாள். பஸ் மறைந்த பிறகும் பாவாயி அங்கேயே நின்றிருந்தாள். அன்றைக்குப் பறிக்கப் போகவில்லை.

அன்று ஆபீஸில் எனக்கு நடை கொஞ்சம் மிடுக்காகவே இருந்தது.

மறுநாள் மதியம் மூன்று மணி பஸ்ஸில் வேறொரு போலீஸ்காரர் இறங்கினார். பின்னால் ஒல்லியாக ஒரு மனிதன். அவன் முழங்கையைப் பிடித்தபடி முகம் வெளிறி ஒரு பெண் குழந்தை. அவள் நெற்றியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஜெசிந்தாவின் நெற்றி.

போலீஸ்காரர் உத்தரவை நீட்டினார். அந்தோனியையும் மகளையும் ஏற்காடு முகாமுக்கு மாற்றுக. அங்கே ஒரு மேஜையில் ஒரு கோப்பு, இங்கே ஒரு மேஜையில் ஒரு கோப்பு. இரண்டும் ஒரே குடும்பம் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. இருந்திருக்க வேண்டிய கட்டத்தில் என் சாய்கோடு இருந்தது.

நான் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சொன்னேன். அந்தோனி குடோன் வாசலில் பையைக் கீழே வைத்தான்.

“ரெண்டும் கரை சேரும் எண்டு நான் நினைக்கேல்ல, தம்பி.”

யாரும் அசையாதீர்கள்

மாரப்பன் சார் என்னைத் திட்டவில்லை. படிவத்தை எடுத்து அந்தச் சாய்கோட்டைப் பார்த்தார், அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் பார்த்தார், மூடி வைத்தார். பிறகு டிரங்க் கால் போட்டார்.

அவர் பயந்தது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. தவறு தெரிந்ததும் நாங்கள் இவர்களைத் தெற்கே அனுப்ப, அவர்களும் தவறு தெரிந்து அவளை மலைக்கு அனுப்பிவிட்டால்? இரண்டு அலுவலகமும் நல்ல மனதோடு வேலை செய்தால் அந்தக் குடும்பம் வாழ்நாள் முழுக்க எதிரெதிர் பஸ்ஸில் போய்க்கொண்டே இருக்கும்.

லைன் கிடைக்க நாலு மணி நேரம். கிடைத்ததும் போனுக்குள் கத்தினார்.

“ஏனுங்க, அந்தப் பொண்ணு அங்கயே இருக்கட்டுமுங்க. நீங்க தயவு பண்ணி ஒண்ணும் செஞ்சுராதீங்க. நாங்க அனுப்பறமுங்க.”

எதுவும் செய்யாதே என்று ஓர் அரசு அலுவலகம் இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டதும், அந்த அலுவலகம் அதை அப்படியே நிறைவேற்றியதும் நான் அறிந்தவரை அந்த ஒருமுறைதான்.

பிறகு புதிய உத்தரவுக்கு அவரே எழுதினார். நாலு வரி. ‘கவனக்குறைவு என்னுடையது’ என்பது கடைசி வரி. என்னுடையது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். தற்காலிக ஆளுங்க கவனக்குறைவெல்லாம் கணக்குல வராது சாமி என்று சொல்லி உறையை ஒட்டிவிட்டார்.

உத்தரவு வர பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். சுற்றிவளைத்து இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறேன்.

அம்மா எங்கே படுத்திருந்தாள் என்று ரொசலின் பாவாயியைக் கேட்டாள். மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் என்று காட்டியதும் தன் பாயை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் ஜெசிந்தா ஒப்படைத்த கம்பளியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். முகத்தை அதற்குள் வைத்து மூச்சை இழுத்தாள். துவைத்துத் தரட்டுமா என்று பாவாயி கேட்டபோது கம்பளியைக் காலுக்கடியில் ஒளித்துக்கொண்டாள்.

பாவாயி அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். உங்கம்மா இந்தக் கல்லுலதான் உக்காந்து தம்பிக்குப் பால் குடுப்பா கண்ணு, இந்தக் குழாயிலதான் துணி அலசுவா. பிள்ளை அந்தக் கல்லில் போய் உட்காருவாள். குழாயைத் திறந்து மூடுவாள். அவள் போன இடமெல்லாம் அந்தோனி பின்னாலேயே போய்க் கொஞ்சம் தள்ளி நிற்பான். ஆள் எண்ணும்போது அவன் பெயரைக் கூப்பிட்டால் கை தூக்குவான். முடிந்ததும் நின்றுவிடுவான். பஸ் வருமா என்று அவன் கேட்கவில்லை. நானாகவே வரும், வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ரொசலின் என் மேஜைக்கு வந்தாள். அம்மா ஒரு பெரிய கடிதம் எழுதுவித்தாளாமே, அதில் அம்மா என்ன சொன்னாள், வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டாள்.

ஆபீஸ் நகல் என்னிடம் இருந்தது. எடுத்தேன். மூன்று பக்கத்தையும் புரட்டினேன். அம்மா சொன்னதாக அவளுக்கு வாசித்துக் காட்ட ஒரு வாக்கியம் தேடினேன். அலை இருந்தது, நிலா இருந்தது, அன்றில் இருந்தது. ஜெசிந்தா பேசியது ஒன்றுகூட இல்லை.

அந்தக் காகிதத்தில் கண் வைத்துக்கொண்டே, ரொசலின் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள் என்று வாசித்தேன். பிள்ளை தலையாட்டிவிட்டுப் போனாள். என் எழுத்து வாழ்க்கையில் ஒருவர் மனதை நான் தொட்டது அன்றுதான் என்று நினைக்கிறேன், எழுதாத வரியால்.

பன்னிரண்டாம் நாள் காலை பஸ்ஸில் அவர்கள் இறங்கிப் போனார்கள்.

ஒரு தபால் அட்டை

அந்த மாதக் கடைசியோடு என் வேலையும் முடிந்தது. முடிந்த அன்றைக்குத் தபாலில் ஓர் அட்டை வந்தது. குடோன் விலாசத்துக்கு, எனக்கு. ஜெசிந்தாவின் எழுத்து.

‘தம்பிக்கு. நாங்கள் அஞ்சு பேரும் ஒரு இடத்தில இருக்கிறம். ரொசலின்ட தலை முழுக்கப் பேன். இருத்தி வச்சு எடுத்துக்கொண்டிருக்கிறன்.’

அவ்வளவுதான். ஆபீஸுக்கு ஓடிப்போய் மாரப்பன் சாரிடம் நீட்டினேன். வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்தபடி நெடுநேரம் பார்த்தார். சரி என்பதுபோல் தலையாட்டி, அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேறு கோப்பை இழுத்தார்.

அது எனக்கு வந்த அட்டை. ஆனால் மேலதிகாரியின் பைக்குள் போனதைத் திரும்பக் கேட்கும் துணிச்சல், அதுவும் கடைசி நாளில், எங்கிருந்து வரும்? வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரமே அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல்.

அப்புறம் நான் பத்திரிகைக்கு வந்தேன், தலை நரைத்தேன், மலைக்குத் திரும்பி வந்து அத்தா கடை இருந்த தெருவிலேயே குடியிருக்கிறேன். முகாமைச் சில வருடங்களில் கீழே சமவெளிக்கு மாற்றிவிட்டார்கள். குடோன் இப்போது காட்டேஜ். சனி, ஞாயிறுகளில் அதன் வாசலில் கார் நிறுத்த இடம் இருக்காது. பாவாயி காலமாகிவிட்டாள். ஜெசிந்தாவைப் பற்றி அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. எத்தனையோ பேரிடமிருந்து எத்தனையோ கடிதங்கள் வந்து பெட்டியில் கிடக்கின்றன. நான் தேடுகிற ஒன்று மட்டும் அதில் கிடையாது.

குப்பனூரில் ஒரு பந்தி

சென்ற மாதம் குப்பனூரில் ஒரு கல்யாணம். மாரப்பன் சாரின் பேத்திக்கு. எண்பதைத் தாண்டியவர், பத்திரிகையில் என் தொடரைப் பார்த்துவிட்டு ஆள் அனுப்பி அழைத்திருந்தார். பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அதே அரைக்கை வெள்ளைச் சட்டை.

சாதம் விழுந்ததும் கேட்டுவிட்டேன். அந்த அட்டை இன்னும் இருக்கிறதா சார்?

அவருக்கு எந்த அட்டை என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. சட்டையோடு தண்ணிக்குப் போய்விட்டது, ஊட்டில் பாக்கெட்டைப் பார்க்காமல் ஊறவைத்துவிட்டார்கள், கூழாகத்தான் கிடைத்தது என்றார். பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டேன். அவரும் பிசைவதை நிறுத்திவிட்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏந்தம்பி,” என்றார் மெதுவாக. “அதுல என்னதான் எழுதியிருந்துச்சு?”

எனக்கு விளங்கவில்லை. நீங்கள்தான் அவ்வளவு நேரம் படித்தீர்களே என்றேன்.

“படிக்கறாப்பல புடிச்சிருந்தேனுங்க. அந்தப் புள்ளைக்கு என்னாச்சோ, அம்மாளப் பாத்துச்சோ இல்லியோன்னு பயம். எங் கையெழுத்துதானுங்களே அந்தப் படிவத்துல. உங்க முன்னால படிக்கத் தகிரியம் வல்ல. ஊட்டுக்குப் போயி படிச்சுக்கலாம்னு பையில போட்டேன்.”

பிறகு என்னைத் தேடிக் கேட்டிருக்கலாம். அவருக்கு மாற்றல் வந்துவிட்டது, கேட்க வெட்கமாகவும் இருந்திருக்கிறது. ரிட்டயர் ஆனபின் ராமேஸ்வரத்துக்கு மூன்று தடவை போய்வந்தாராம். சாமி கும்பிடத்தான் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்.

இத்தனை வருடமாக நான் அட்டையை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தேன். அட்டையில் இருந்ததை நினைத்து ஏங்கிக்கொண்டு ஒருவர் மலையடிவாரத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

நான் அவர் காதருகே குனிந்து சொன்னேன். நாதஸ்வரத்தை மீறிக் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டியிருந்தது. அஞ்சு பேரும் ஒரே இடத்தில் இருக்கிறோம் என்று எழுதியிருந்தாள். மகள் தலையில் பேன் எடுத்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தாள்.

“அஞ்சு பேருமா?”

“அஞ்சு பேரும் சார்.”

“பேன் எடுக்கறாளாமா,” என்றார்.

பாயசம் வந்தது. பரிமாறுகிறவர் அவரைத் தாண்டிப் போகப் பார்த்தார், சொல்லிவைத்திருப்பார்கள்போல. மாரப்பன் சார் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, இலையைக் காட்டி ஊற்றச் சொன்னார். எதிர் வரிசையிலிருந்து அவர் மகள், அப்பா, சக்கரை, என்று குரல் கொடுத்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. இன்னொரு கரண்டி கேட்டார்.